பெரட்டில் கூப்பிட்ட பெயர்

கண்டியில் நான் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் கிளம்பியபோதும் பெய்துகொண்டுதான் இருந்தது. நடுவில் ஒரே ஒரு நாள் நல்ல வெயில் அடித்தது. அந்த ஒரு நாளைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு மனநல அறக்கட்டளையில் இருபத்தைந்து வருடங்களாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, ஊரே தன்னைப் பற்றிப் பேசுவதாக நம்புவது, இப்படித் தொடங்கும் நோயை டாக்டர்கள் சைக்கோசிஸ் என்பார்கள். பெரும்பாலும் இளவயதில் வரும். வந்த சில மாதங்களுக்குள் வைத்தியம் ஆரம்பித்துவிட்டால் பிள்ளை படிப்புக்கோ வேலைக்கோ திரும்பிவிட நல்ல வாய்ப்பு உண்டு. தள்ளிப்போகப் போக அந்த வாய்ப்பு தேய்ந்துகொண்டே போகும். அந்தச் சில மாதங்களுக்குள் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க எங்கள் ஊரில் ஒரு திட்டம் நடத்துகிறோம். கண்டி நகரத்திலும் அதே மாதிரி ஒன்று சிறிதாக நடக்கிறது. அதைச் சுற்றுவட்டாரத்துக்கும், முக்கியமாகத் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டங்களுக்கும் விரிக்கப் போகிறோம், வந்து பயிற்சி கொடுங்கள் என்று அழைத்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, ஏழு புடவையை இஸ்திரி போட்டு எடுத்துப்போனேன்.

என்னை அழைத்துப்போக வந்தவர் பஸ்மினா. அந்த மனநலப் பிரிவில் நர்ஸ். திகனவில் வீடு, தினமும் பஸ்ஸில் கண்டிக்கு வந்து போகிறவர். குடையை என் தலைக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு நின்றார்.

"பயணம் நல்லா ஈந்திச்சா மேடம்? டீ ஒண்டு குடிச்சிட்டே போவோம்."

அவர் பேச்சில் 'இருந்தது' என்பது 'ஈந்தது' ஆகும், 'சொல்ல' என்பது 'செல்ல' ஆகும் என்று போகப் போகப் புரிந்தது. தேயிலை விளையும் ஊரில் முதல் டீ எப்படி இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தேன். வெந்நீரில் பால்மா என்கிற பால்பவுடரைக் கரைத்து, சீனியை அள்ளிப் போட்டு ஒன்று வந்தது. மதுரையில் இதைக் கொடுத்தால் கடைக்காரரோடு சண்டை போட்டிருப்பேன். "நல்ல தேயில எல்லாம் வெளிநாட்டுக்குப் பெய்த்திடும் மேடம், எங்களுக்கு மிச்சந்தான்" என்று பஸ்மினா சிரித்தார். நான் சிரிக்காமல் பாதியில் வைத்துவிட்டேன். அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி எழுந்தார். விருந்தாளியின் முகம் கோணக்கூடாது என்பதில் அவர் எவ்வளவு கவனமானவர் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் பயிற்சி. பதினொரு களப்பணியாளர்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் டவுன்காரர்கள். தொடங்கிவைத்த டாக்டர் சிங்களப் பெண்மணி. என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். "என்னிடம் வரும் தமிழ்ப் பிள்ளைகள் பிள்ளைகளாக வருவதே இல்லை. நடுவயதாகித்தான் வந்து சேருகிறார்கள். அதை மாற்றிக் கொடுங்கள், போதும்" என்றார்.

நான் என் படிவத்தை எல்லாருக்கும் கொடுத்தேன். மேலே இரண்டே தேதிகள். முதல் அறிகுறி தெரிந்த நாள், முதல் மருந்து சாப்பிட்ட நாள். அதற்குக் கீழே, தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு பட்டியல். அறியாமை, கோயில் அல்லது மாந்திரீகம், தூரம், பணம், குடும்பத்தின் மறுப்பு, மற்றவை. பத்து வருடமாக நான் செதுக்கிச் செதுக்கி வைத்திருக்கும் படிவம் அது.

"இப்போது ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்தால் கிளினிக்குக்கு எப்படி வரவழைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண் எழுந்து சொன்னாள். "யோகா அண்ணன்னு ஒரு த்ரீவீல்காரர் இருக்காருங்க மேடம். அவருகிட்ட சொல்லி விடுவோம். பஸ்மினா மிஸ் கடையில சல்வார் துணி வந்திருக்கு, புதன்கெழம வந்து பாத்துட்டுப் போகச் சொன்னாங்கன்னு. அவங்களுக்குப் புரிஞ்சிரும்."

பஸ்மினாவின் அண்ணனுக்குத் திகனவில் துணிக்கடை இருக்கிறது. அதை வைத்து இப்படி ஒரு ஏற்பாடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "இது என்ன கள்ளக்கடத்தலா?" என்று கேட்டேன். நோயை நாமே ஒளித்தால் ஊர் அதை அசிங்கமாகத்தானே பார்க்கும் என்றேன். வாயால் சொன்னது காற்றோடு போகும், கடிதம் நிற்கும் என்றேன். கிளினிக்கின் பெயரும் முத்திரையும் போட்டுத் தமிழில் ஒரு கடிதம், அது நோயாளியின் உரிமை என்றேன். அதைக் காட்டித் தோட்டத்தில் லீவும் கேட்கலாம். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டில் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கிறதா என்று நான் கேட்டபோது "கொஞ்சந்தான் மேடம்" என்று எவ்வளவு பணிவாகச் சொன்னார்களோ, அதே பணிவோடு "சரிங்க மேடம்" என்றார்கள்.

மூன்றாம் நாள் வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. யோகாவின் த்ரீவீல், நம் ஊர் ஆட்டோதான், இரண்டாவது ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் எறங்கி நடங்க மேடம், வண்டி சும்மா வந்துரும்" என்றார் யோகா. நாங்கள் நடந்தோம், வண்டியும் சும்மாதான் வந்தது, அவர் தள்ளிக்கொண்டு வந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது என் கணுக்காலில் இரண்டு அட்டைகள் இருந்தன.

பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கும் லயம். அதில் கடைசி வீடு லெட்சுமியுடையது. கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கணவர் இல்லை, ஒரே மகள். அந்த மகளைத் தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பது வயது. கண்டியில் ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள், மூன்று மாதமாக வேலைக்குப் போகவில்லை. தீபாவளி வியாபாரத்துக்கு முன்னால் வந்துவிட்டால் இடம் இருக்கிறது என்று கடை முதலாளி சொல்லியிருந்தார். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. மூன்று மாதம், ஆறு வாரம். என் கணக்கில் இது கைக்கெட்டிய பிள்ளை.

உள்ளறையில் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. வேறு குரல்கள் கேட்காமலிருக்க வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். பிறகு என் புடவைக் கரையைப் பார்த்தபடி பேசினாள்.

"இந்தச் சாரி கண்டியில ரெண்டு மடங்கு வெலைங்க. ஆனா ஃபால்ஸ் ஒழுங்கா தைக்கல. இங்க பாருங்க, பிரிஞ்சிருக்கு."

பார்த்தேன், பிரிந்துதான் இருந்தது. யாரிடம் தைத்தேன், எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்டாள். ஏமாந்துவிட்டீர்கள் என்றாள். நான் சிரித்தேன், அவளும் கொஞ்சம் சிரித்தாள். லெட்சுமி கதவருகே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் சிரித்து நாளாகியிருக்கும்.

அதன்பிறகு அவளே சொன்னாள். லயத்துக்கு மேலே நாற்பது படி ஏறினால் பெரட்டுக் களம். காலையில் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அங்கே கூடிப் பெயர் கொடுத்து, அன்றைய வேலை எது என்று கேட்டுக்கொண்டு போகிற இடம்.

"காலைல பெரட்டுல என் பேரத்தான் சொல்றாங்க. மொதல்ல ஒரு ஆம்பளக் கொரலு கூப்புடும். அப்புறம் எல்லாரும் சிரிப்பாங்க."

இப்படிப்பட்ட நேரத்தில் இல்லை என்று அடித்துப் பேசக்கூடாது, ஆமாம் என்று தலையாட்டவும் கூடாது. சேர்ந்து சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். என் பயிற்சியில் எல்லாருக்கும் பிடித்த பாடம் அதுதான். "உனக்குக் கேக்குறது எனக்குப் புரியுதும்மா. அம்மாவும் அங்கதான நிக்கிறாங்க. அவங்க காதுக்கும் கேக்குதான்னு ரெண்டு மூணு நாள் பாக்கலாமா? வந்து உன்கிட்ட அப்படியே சொல்லட்டும்" என்றேன்.

தர்ஷினி தாயைப் பார்த்து யோசித்தாள். "சரி. அம்மா பொய் சொல்லாது" என்றாள். கிளினிக்குக்கு வரவும் சம்மதித்தாள்.

கிளம்பும்போது கடிதம் அனுப்புகிறேன் என்றேன். லெட்சுமி பதறினார். "கடுதாசி எல்லாம் வேணாங்கம்மா. மிஸ்ஸு யோகா அண்ணன்கிட்ட சொல்லி விட்டா வந்துருவோம்."

நான் லீவு, உரிமை, கௌரவம் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை சொன்னேன். பஸ்மினா மெதுவாக, "லயத்துக்கு லெட்டர் நேரா வாறல்ல மேடம்" என்று ஆரம்பித்தார்.

"லேட்டாகும் என்கிறீர்களா? ஆகட்டும். கிளினிக்குக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறதே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு "சரி மேடம்" என்றார். கண்டிக்குத் திரும்பியதும் டாக்டரிடம் நேரம் கேட்டு, என் கையாலேயே எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். உறையின் மேல் பிரிவின் முத்திரையை நானே அழுத்திக் குத்தினேன்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ்மினா வீட்டில் மதியச் சாப்பாடு. நெய்ச்சோறும் கோழியும் பொரித்த கத்திரிக்காயும். அவருடைய உம்மா "இன்னம் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே என் பதிலைக் கேட்காமல் வைத்தார். பிறகு துணிக்கடையைக் காட்டினார்கள். பின்னால் சின்ன அறை, இரண்டு நாற்காலி, தையல் மெஷின். தோட்டத்துத் தாய்மார்கள் துணி பார்க்க வந்தவர்கள் மாதிரி இங்கே வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள் என்று பஸ்மினா சொன்னார். "அளவெடுக்கிற நேரம் யாரும் உள்ளுக்கு வர மாட்டாங்க மேடம்." பாவம், வசதி இல்லாமல் இப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு சல்வார் துணி வாங்கினேன்.

ஐந்தாம் நாள் கலகெதர. அங்கே ஒரு சமூக மண்டபத்தில் மாதம் இருமுறை கிளினிக் வைக்க யோசித்திருந்தார்கள், அந்த இடத்தைப் பார்க்கப் போனோம். பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இரண்டு சிங்களப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். பஸ்மினா என் காதில் தமிழாக்கிக்கொண்டே வந்தார். "பெரியவளுக்குக் கல்யாணம் முடியும் வரைக்கும் சின்னவனை மனநல டாக்டரிடம் காட்ட வேண்டாம் என்றிருக்கிறேன்." "நல்லது, அப்படியே செய். விஷயம் தெரிந்தால் பெண் எடுக்க வருவார்களா?" ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று நம் ஊரிலும் சொல்வோம். அதைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டோம். மழையில் ஒரு மைல் திரும்பி நடந்தோம்.

மண்டபத்தில் ஒலிபெருக்கி இருந்தது. கூட்டம் அதிகமானால் நோயாளிகளின் பெயரை இதில் கூப்பிடலாம் என்று பொறுப்பாளர் பெருமையாகச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். "பெயரைச் சொல்லிக் கூப்பிடவே கூடாது. எண் கொடுங்கள், எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று கறாராகச் சொன்னேன். கூட வந்திருந்த களப்பணியாளர்கள் இருவர் அதையும் எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னது சரிதான். அதே வாயால் இரண்டு நாள் முன்பு வேறு என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று மாலை லெட்சுமி போன் செய்தார். "இன்னிக்குக் காதத் தீட்டிக்கிட்டு நின்னேங்க. யாரும் புள்ள பேரச் சொல்லல. வந்து சொன்னேன். சரிம்மான்னுச்சு. ரெண்டு வாய் சோறு கூடத் தின்னுச்சுங்க." நானும் பஸ்மினாவும் சந்தோஷத்தில் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். இரும்புத் தகடு இரண்டும் கல்லில் தடதடவென்று அடிக்கிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கண்டியில் நான் வயிறார, மனதாரச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

ஆறாம் நாள் மறுபடி பயிற்சி. மாலை லெட்சுமியிடமிருந்து போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஏழாம் நாள், புதன்கிழமை, கிளினிக். காலை ஒன்பதிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் தாமதமாக இருக்கும் என்றேன். பிறகு, மழையில் த்ரீவீல் கிடைத்திருக்காது என்றேன். பன்னிரண்டு மணிக்கு டாக்டர் தன் பேனாவை மூடினார். "வராதவர்கள்" என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

எட்டாம் நாள்தான் அந்த வெயில். தோட்டம் முழுக்கப் பளபளவென்று இருந்தது. யோகா வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு எங்களுக்கு முகம் காட்டாமல் நின்றார். "மொதல்ல ஆபீஸுக்குப் போயிட்டு வந்துருங்க மேடம்" என்றார்.

தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் முப்பது வயது இளைஞர், தமிழர். எங்களுக்கு நாற்காலி போட்டார். நல்ல செய்தி எதிர்பார்க்கும் முகம்.

"லெட்டரக் கொண்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களா அவங்க? திங்கக்கெழம சாயங்காலம் வந்துச்சு, செவ்வாக்கெழம காலைலயே குடுத்துட்டேங்க. லயத்துக்குத் தனித்தனி விலாசம் கெடயாது. எல்லாருக்கும் வர்ற தபாலு இந்த ஆபீஸுக்குத்தான் வரும். நாங்க பெரட்டுல பேரச் சொல்லிக் கூப்புட்டுக் குடுப்போம். எப்பவும் அப்புடித்தாங்க."

"அன்றைக்கும் கூப்பிட்டீர்களா?"

"சும்மாவா! ஆஸ்பத்திரி சீல் இருந்துச்சே, அவசரமா இருக்கும்னு மொத ஆளாக் கூப்புட்டேன். கூட்டத்துல கேக்கல போல, மறுபடி சத்தமாக் கூப்புட்டேன். 'தர்ஷினிக்கு மனநோய்ப் பிரிவுல இருந்து லெட்டர் வந்திருக்கு, அவங்க அம்மா எங்க?'ன்னு." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "தப்புங்களா?"

"யாராவது சிரித்தார்களா?"

"ஒரு ஆளு சிரிச்சான். நான் அதட்டிட்டேங்க" என்றார். கையில் இருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடினார். அவர் மேல் கோபப்பட முடியுமா? என் கடிதத்தை என்னைவிட அக்கறையாகக் கொடுத்தவர் அவர். பஸ்மினா சொல்ல வந்த வாக்கியம் முழுசாக அப்போதுதான் என் காதில் விழுந்தது. லயத்துக்கு லெட்டர் நேராக வருவதில்லை. அந்த லயத்தில் நின்றுகொண்டே அவர் அதைச் சொன்னார், நான்தான் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

படிகளில் இறங்கினோம். நாற்பது படி என்றாள் அவள், முப்பத்தெட்டுதான் இருந்தது. களத்தில் ஒருவர் கூப்பிட்டால் கடைசி வீட்டில் தெளிவாகக் கேட்கும்.

லெட்சுமி வாசலில் குந்தியிருந்தார். எழுந்திருக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லெட்டர வாங்கி மடியில சொருகிக்கிட்டு வந்தேங்க. வந்தா கதவுகிட்ட நிக்கிது. 'இன்னிக்கு என் பேரச் சொன்னாங்களா?'ன்னு கேட்டுச்சு. நான் என்னான்னு சொல்லுவேன்? இல்லடின்னுட்டேன்." அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அதுக்குத்தான் கேட்டிருச்சேங்க. அவ்வளவு சத்தமாக் கூப்புட்டாங்க, அதுக்குக் கேக்காமப் போகுமா? பொய் சொல்லாதுன்னு நம்புன ஒரே ஆளு நான்தான். அன்னையில இருந்து என் கையால சோறு வாங்க மாட்டேங்குது. நீயும் அவங்ககூடச் சேந்துட்டன்னு சொல்லுது. பிரிக்காத பிஸ்கட்டுப் பாக்கெட்டு குடுத்தா மட்டும் தின்னுது."

உள்ளே ரேடியோ ஓடவில்லை. அவள் அதே இடத்தில், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். பாடம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"செவ்வாய்க்கிழமை உன் பேரைக் கூப்பிட்டது நிஜம்தாம்மா. அது என்னால வந்தது. நான் எழுதுன கடிதம். உங்க அம்மா வேண்டாம்னு சொன்னாங்க, நான்தான் கேக்கல. அம்மா பொய் சொன்னது உன் மனசு நோகக்கூடாதுன்னுதான்."

அவள் கேட்டாள். "சிரிச்சாங்களா?"

"ஒரு ஆள் சிரிச்சார்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு விடை சரியாக வந்த பிள்ளை மாதிரி ஒரு நிம்மதி அந்த முகத்தில் வந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்ப நான் சொன்னது நெசந்தானேங்க. அப்பறம் எதுக்கு நான் மருந்து சாப்புடணும்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஒருநாள் நிஜமாகக் கூப்பிட்டதால் மற்ற நாள் கேட்ட குரல்களும் நிஜமாகிவிடாது என்று எப்படி மெதுவாகச் சொல்வது என்பதை அதே வாரம் பதினொரு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆனால் அதை அவளிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? பஸ்மினா என்னோடு வந்து உட்கார்ந்து, தர்ஷினியின் காலுக்குப் பக்கத்தில் தரையில் கையை வைத்தார், தொடவில்லை. கிளம்பும்போது அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று நான் கட்டியிருந்த புடவையை அவள் பார்க்கவே இல்லை.

திரும்பும் வழியில் பஸ்மினாவிடம் கேட்டேன், "ஏன் என்னைத் தடுக்கவில்லை?"

"நீங்க எங்கட ஊருக்கு வந்த ஆள் மேடம். படிச்சவங்க. பிழைன்னு முகத்துக்கு நேரா எப்படிச் செல்ற?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "செல்லீக்கணும். என்ட பிழையும் தான்."

கடைசி நாள் காலை எல்லாரையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். விரிவாக்கத்தைப் பற்றி நான் எழுதிவைத்திருந்த பரிந்துரைகளில் கடிதம் பற்றிய பக்கத்தைக் கிழித்தேன். சல்வார் துணி வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்புகிற வழியையே கலகெதரவுக்கும் எடுத்துப்போங்கள், அங்கே என்ன துணி என்பதை அந்த ஊர்க்காரர்கள் முடிவுசெய்யட்டும் என்றேன். பிறகு தர்ஷினியின் படிவத்தை எடுத்தேன். முதல் தேதி இருந்தது. இரண்டாவது தேதி இல்லை. தாமதத்துக்குக் காரணம் என்ற பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தேன். பத்து வருடமாகச் செதுக்கிய பட்டியலில் எல்லாமே அவர்கள் பக்கத்துக் காரணம், எங்கள் பக்கத்துக் குற்றம் ஒன்றுகூட இல்லை. மற்றவை என்பதற்கு எதிரே, என் அழகான கையெழுத்தில், "நாங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

மதுரைக்கு வந்த முதல் திங்கட்கிழமை, கடிதம் அனுப்ப வேண்டிய ஒரு தாயிடம், இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கேட்டேன். "உங்கள் வீட்டுக்குத் தபால் எப்படி வரும்?"

"சந்துக்குள்ள சைக்கிள் வராதுல்லம்மா. முக்கு டீக்கடையில குடுத்துட்டுப் போயிருவாரு. கடைக்காரரு படிச்சுப் பாத்துட்டுச் சொல்லி விடுவாரு."

அன்று மத்தியானம், "வரவில்லை" என்று நான் கையெழுத்துப் போட்டு மூடிய பழைய கோப்புகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். மேசை போதவில்லை.

தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்துப் பஸ்மினா குரல் செய்தி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் போகிறாராம். கிளினிக் பையில்லாமல், துணிப் பையோடு. "நேத்தும் போன மேடம். தர்ஷினி அவட அம்மாட கையால இன்னம் சாப்பிடல்ல. கிளினிக்குக்கு வாறதா செல்லவும் இல்ல. நான் கொண்டுபோன பிஸ்கட்ட வாங்கினா. பொறகு ஒண்டு கேட்டா மேடம். 'அந்த மதுரை அம்மா இன்னமும் என் பேரச் சொல்லிக்கிட்டு இருக்காங்களா?'ன்னு."

அந்தச் செய்தியை நாலு முறை கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரையில்கூட அவள் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அவளிடம் ஒருவர் பொய் சொன்னது போதும்.

"ஆமாம், சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று பதில் அனுப்பினேன். "ஆனால் சிரிக்கவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள்."